உடைந்தது இடப்பக்கக் கம்பி, குறை வலப்பக்கத்தில்: ஒரு பின்சக்கரத்தின் கதை

என்னோடு அடிக்கடி சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவருடைய ரோடு பைக் இது. 700சி சக்கரம், 28 மி.மீ. டயர், ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைப் பிடிப்பது), பின்னால் 11 பல்சக்கரங்கள் கொண்ட கேசட். பின்சக்கரத்தில் 32 கம்பிகள், ஒவ்வொன்றும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி கோத்தது. எல்லாமே முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் கொண்ட 2 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பிகள். தம்பியின் எடை 78 கிலோ. தினமும் வேலைக்கு இதில்தான் போகிறார், முதுகில் 4 கிலோ பை. விடுமுறை நாள்களில் நீண்ட தூரம். பந்தயம் எல்லாம் கிடையாது.

6,400 கி.மீ. வரை அந்தச் சக்கரம் ஒரு தொல்லையும் தரவில்லை. அந்தத் தூரத்தில் முதல் கம்பி உடைந்தது. அதிலிருந்து 500 கி.மீ. போனதும் இரண்டாவது. அதன்பின் 250 கி.மீ.யிலேயே மூன்றாவது. ஒவ்வொரு முறையும் உடைந்த கம்பியை மட்டும் மாற்றி, கோட்டம் எடுத்து, ஓட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவதையும் அப்படி மாற்றி 40 கி.மீ. ஓடுவதற்குள் சக்கரம் மறுபடி ஆடத் தொடங்கியது. அப்போதுதான் சக்கரத்தைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கம்பி உடைந்தால் "ரொம்ப இறுகிப்போச்சு, அதான் தெறிச்சிடுச்சு" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தப் பேச்சு இந்தச் சக்கரத்தை எப்படி மேலும் கெடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

வழியில் நடந்தது

முதல் கம்பி போனபோது தம்பி வீட்டிலிருந்து 40 கி.மீ. தள்ளி இருந்தார். "டிங்" என்று ஒரு சத்தம், உடனே பின்பக்கம் உரசல். போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, பின்னாடி கம்பி ஒண்ணு போயிடுச்சு. வீல் சுத்தவே மாட்டேங்குது, பிரேக்ல இடிக்குது."

"பதறாத. முதல்ல பிரேக் லீவரை விடுவிச்சு கட்டைகளை அகலமாத் திற. உடைஞ்ச கம்பியைப் பக்கத்துக் கம்பியில சுத்தி வை, இல்லேன்னா செயின்லயோ ஃபிரேம்லயோ மாட்டும். நிப்பிள் சாவி வச்சிருக்கியா?"

வைத்திருந்தார். கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன மரைக் குமிழ்தான் நிப்பிள், அதைத் திருப்பித்தான் கம்பியை இறுக்குவதும் தளர்த்துவதும். உடைந்த கம்பிக்கு இரண்டு பக்கமும் ரிம்மில் அடுத்தடுத்து இருக்கும் கம்பிகள் ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்தின்) எதிர்ப்பக்கத்துக்குப் போகிறவை. எதிர்த்து இழுக்க ஆள் இல்லாததால் ரிம்மை அவை தங்கள் பக்கம் இழுத்துவிடும். இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தச் சொன்னேன். உரசல் நின்றது. பின்பிரேக்கை நம்பாமல், மெதுவாக, மேடு பள்ளத்தில் இருக்கையிலிருந்து எழுந்து கால்களில் பாரம் தாங்கி வீடு வந்து சேர்ந்தார். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் இப்படிச் சமாளிக்கலாம். 20 கம்பிச் சக்கரமாக இருந்தால் கோட்டம் அநேகமாக ஃபிரேமிலேயே இடித்திருக்கும்.

நிப்பிளைத் திருப்பும் திசை பற்றியும் ஒரு வார்த்தை. டயர் பக்கத்திலிருந்து நிப்பிளின் தலையைப் பார்த்தால் வலச்சுற்று இறுக்கும். ஹப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதே இறுக்கம் இடச்சுற்றாகத் தெரியும். வழியில் பதற்றத்தில் இருக்கும்போது இது மாறிப்போகும். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிட்டால் கோட்டம் இரட்டிப்பாகும். ஒரு கால் சுற்றுத் திருப்பி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அதன்பிறகு மேலே போவது நல்லது.

நான் சொன்ன தவறான யோசனை

இரண்டாவது கம்பி உடைந்தபோது சக்கரத்தை நான் நேரில் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். "இடப்பக்கம், கேசட் இல்லாத பக்கம்" என்றார். "அந்தப் பக்கம் அதிகமா இறுக்கியிருப்பாங்க, எல்லாத்தையும் கால் சுத்து தளர்த்தி ஓட்டிப் பாரு" என்றேன். அவரும் இடப்பக்கம் முழுக்கக் கால் சுற்றுத் தளர்த்தினார். அடுத்த 250 கி.மீ.யில் மூன்றாவது கம்பி போனது.

பார்க்காமல், அளக்காமல் சொன்ன யோசனை அது. முதல் உடைவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 500 கி.மீ.; என் பேச்சைக் கேட்டபின் அது பாதியாகிவிட்டது. அந்தக் கால் சுற்று மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகக் கூடாத திசையில் அது ஒரு படி போனதுதான்.

உடைந்த துண்டு சொன்னது

சக்கரம் வந்ததும் முதலில் கேட்டது உடைந்த கம்பிகளைத்தான். முதல் கம்பியை எறிந்துவிட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் பையில் இருந்தன. தயவுசெய்து உடைந்த கம்பியை எறியாதீர்கள். என்ன நடந்தது என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டுமே ஒரே இடத்தில் உடைந்திருந்தன. ஹப்பின் துளைக்குள் நுழைந்து கம்பி மடங்குமே, அந்தக் கழுத்தில். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வட்டத்தில் பாதிக்கு மேல் வழவழப்பாக, கொஞ்சம் கருத்து, ஒரு விளிம்பிலிருந்து பரவிய அலை போன்ற மெல்லிய கோடுகளுடன் இருந்தது. மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிதாக, வெள்ளிபோல மின்னியது.

ஒரே அடியில் தெறித்த கம்பி இப்படி இருக்காது. அதிகமாக இழுக்கப்பட்டு அறுந்ததென்றால் அந்த இடம் மெலிந்து நீண்டிருக்கும். இது உலோகச் சோர்வு. விளிம்பில் மயிரிழை அளவு ஒரு கீறல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, கடைசியில் மிஞ்சிய கொஞ்ச உலோகமும் பாரம் தாங்காமல் போன நாளில் "டிங்" என்று சத்தம் கேட்டிருக்கிறது. கம்பி அன்றைக்கு உடையவில்லை. பல மாதமாக உடைந்துகொண்டே இருந்தது.

எத்தனை சுற்று? 28 மி.மீ. டயருக்குச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.136 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 468 சுற்று. 6,400 கி.மீ.க்கு ஏறத்தாழ 30 லட்சம் சுற்று. ஒரு கம்பி அந்த 30 லட்சம் சுற்றிலும் ஒவ்வொரு முறை கீழே வந்து போயிருக்கிறது. தடிமனான கம்பியை ஒரே மூச்சில் கையால் ஒடிக்க முடியாது. இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். அதுதான் இங்கே நடந்தது, மடக்கின அளவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதைத் தவிர.

சரி, மடக்கியது எது?

சுருதி சேராத சக்கரம்

கம்பியின் விறைப்பை அளக்கும் டென்ஷன் மீட்டரை எடுப்பதற்கு முன் எப்போதும் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்ப்பேன். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே நீளம், ஒரே தடிமன். அதனால் ஒரே விறைப்பில் இருந்தால் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். வலப்பக்கம் ஓரளவு ஒத்துப்போனது, ஆனால் நான் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த சுருதி. இடப்பக்கம் முழுக்கக் கலைந்து கிடந்தது. பளபளப்பாக மூன்று கம்பிகள் மட்டும் கணீரென்று ஒலித்தன. மாற்றிப் போட்ட புதுக் கம்பிகள் அவை. அவற்றை ஒட்டி அதே பக்கத்தில் இருந்த மூன்று கம்பிகள் ஒலிக்கவே இல்லை, "தொப்" என்றன. இரண்டு விரலால் அழுத்தினால் கொடிக்கயிறு மாதிரி வளைந்து கொடுத்தன.

அப்புறம் மீட்டர். டயரில் காற்று இருந்த நிலையில் வலப்பக்கக் கம்பிகளின் சராசரி இழுவிசை 78 கிலோ. இடப்பக்கச் சராசரி 36. அந்தப் புதுக் கம்பிகள் மூன்றும் 66, 61, 58. தொப்பென்ற மூன்றும் 18, 20, 22. மற்றவை 30-க்கும் 36-க்கும் இடையில். ரிம் நடுவிலிருந்து ஏறக்குறைய 1 மி.மீ. வலப்பக்கம் தள்ளி இருந்தது. அந்தக் கால் சுற்றுத் தளர்த்தலின் அடையாளம் அது.

டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு அளந்தபோது வலப்பக்கம் 84-க்கு ஏறியது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். காற்று அடைத்த டயர் ரிம்மை உள்நோக்கி இறுக்குகிறது, அதனால் கம்பிகளின் விறைப்பு குறைகிறது. தம்பி 110 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். "நல்லா கல்லு மாதிரி இருந்தாத்தானே வேகமாப் போகும்?" என்று கேட்டார். 28 மி.மீ. டயருக்கு அது தேவையில்லாத அழுத்தம். சாலையின் ஒவ்வொரு துள்ளலும் டயரில் கரையாமல் நேராக ரிம்முக்கும் கம்பிக்கும் போகும். வேகமும் வராது, டயர் துள்ளிக்கொண்டே போவதில் உழைப்பு வீணாகும்.

மூன்று கம்பியும் ஏன் பக்கம் பக்கமாகவே உடைந்தன என்பது இப்போது புரிந்தது. முதல் கம்பியை மாற்றியபோது கோட்டத்தைப் புதுக் கம்பி ஒன்றை வைத்தே எடுத்திருக்கிறார்கள். ரிம் நேராக வரும்வரை அதை மட்டும் இறுக்கினால், அதே பக்கத்தில் அடுத்து இருக்கும் கம்பிகளின் வேலையையும் அது பிடுங்கிக்கொள்ளும். அவை தளரும். சக்கரம் கண்ணுக்கு நேராகத்தான் சுற்றும். ஆனால் அடுத்து உடையப்போகும் கம்பி எது என்று அப்போதே முடிவாகிவிடுகிறது. கோட்டம் இல்லாததும் விறைப்பு சமமாக இருப்பதும் வேறு வேறு. முதலாவதைக் கண் பார்க்கும். இரண்டாவதைக் காதோ மீட்டரோதான் சொல்ல வேண்டும்.

தாளின் தடிமன்

தளர்ந்த கம்பி ஏன் உடைகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி மெல்லியது. இழுத்தால் தாங்கும், தள்ளினால் வளைந்துவிடும். அப்படியானால் சைக்கிள் எப்படி அதன்மேல் நிற்கிறது? எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான். நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் துளியளவு உள்ளே அமுங்குகிறது. அங்கே இருக்கும் நாலைந்து கம்பிகளின் விறைப்பு குறைகிறது. குறைந்த அந்த அளவுதான் நம் பாரத்தைத் தாங்குகிறது. குறைவதற்கு விறைப்பு மிச்சம் இருக்கும்வரை கவலையில்லை.

290 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் கம்பியை 100 கிலோ விசையில் இழுத்தால் ஏறத்தாழ 0.45 மி.மீ. நீளும். நிப்பிளின் மரை ஒரு அங்குலத்துக்கு 56, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 0.45 மி.மீ. இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள எளிது. ரிம் அசையவே இல்லை என்று வைத்தால், தொய்ந்த கம்பிக்கும் 100 கிலோக் கம்பிக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சுற்று. உண்மையில் ரிம் கொஞ்சம் இடம் கொடுக்கும், அதனால் கூடுதலாகத் திருப்ப வேண்டிவரும். எப்படியிருந்தாலும், கால் சுற்றுத்தானே என்று நான் சொன்ன அந்தக் கால் சுற்று சின்ன விஷயமே இல்லை.

இப்போது 36 கிலோவில் இருக்கும் இடப்பக்கக் கம்பியைப் பாருங்கள். அது நீண்டிருப்பது வெறும் 0.16 மி.மீ. 18 கிலோவில் இருந்த கம்பியோ 0.08 மி.மீ. எழுதும் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதாவது ஒரு தாளின் தடிமன் அளவுகூட ரிம் உள்ளே அமுங்க வேண்டாம், அந்தக் கம்பி முழுக்கத் தொய்ந்துவிடும். தொய்ந்ததும் அதன் கழுத்து ஹப் துளைக்குள் தன் இருக்கையை விட்டு அசையும். மேலே போனதும் மறுபடி இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு 468 முறை. இழுவையும் தொய்வும் மாறி மாறி வரும்போது கழுத்து மடங்கி நிமிர்கிறது. போதாததற்கு, தொய்ந்த நேரத்தில் நிப்பிளைப் பிடித்துவைக்க உராய்வே இருக்காது, அது தானாகவே கழன்று இன்னும் தளரும்.

சரியாகக் கட்டிய சக்கரத்தில் 100 கிலோவுக்கு மேல் இழுபட்டு நிற்கும் வலப்பக்கக் கம்பிகள் சின்ன அமுக்கத்தை அலட்டிக்கொள்வதில்லை. பாரம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமாகவே வருகிறது. ஆகவே முதலிருப்பு குறைவாக உள்ள பக்கம்தான் முதலில் காலியாகும்.

இடது ஏன் இப்படிப் பாவப்பட்ட பக்கம்?

கேசட்டால்தான். 11 பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்க ஹப் தட்டு நடுவை நோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஹப்பில் நடுவிலிருந்து வலத் தட்டு 17 மி.மீ., இடத் தட்டு 36 மி.மீ. வலக் கம்பிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன, இடக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கத்தின் பக்கவாட்டு இழுவையும் சமமாக வேண்டும். சாய்வு அதிகமுள்ள பக்கம் குறைந்த விறைப்பிலேயே அதைச் செய்துவிடும். 17-ஐ 36-ஆல் வகுத்தால் 0.47. அதாவது இடப்பக்கம் எப்போதும் வலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இந்த விகிதத்தை நிப்பிள் சாவியால் மாற்ற முடியாது. இடத்தை மட்டும் இறுக்கினால் ரிம் இடப்பக்கம் போய்விடும், அவ்வளவுதான். இடப்பக்க விறைப்பை உயர்த்த ஒரே வழி வலப்பக்கத்தை உயர்த்துவது. அப்போது இடப்பக்கமும் பின்தொடரும். வலப்பக்கம் 84-லேயே நின்றுவிட்டதால்தான் இடப்பக்கம் 40-ஐக்கூட எட்டவில்லை. உடைந்தது இடத்தில், குறை வலத்தில். இந்தச் சக்கரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான வாக்கியம் இதுதான். தொடக்கத்திலிருந்தே இந்தச் சக்கரம் போதிய விறைப்பு இல்லாமல் கட்டப்பட்டது என்றே நினைக்கிறேன். 6,400 கி.மீ. வரை தாக்குப்பிடித்ததே கம்பியின் தரத்துக்குச் சான்று.

தயாரிப்பாளர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. கம்பித் துளைகளை இடப்பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்த ரிம்கள் இருக்கின்றன. கம்பன்யோலோ, ஃபுல்க்ரம் சக்கரங்கள் சிலவற்றில் வலப்பக்கம் இரண்டு கம்பிக்கு இடப்பக்கம் ஒன்று என்று கோத்திருப்பார்கள். கம்பி பாதியானதும் ஒவ்வொன்றும் தாங்கும் விறைப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. ரிம் பிரேக் வண்டியில் முன்சக்கரம் இரண்டு பக்கமும் சமச்சீர். தம்பியின் முன்சக்கரத்தில் இதுவரை ஒரு கம்பியும் உடையாததற்கு அதுவும் பாரம் குறைவாக வருவதும்தான் காரணம்.

பிரித்துக் கட்டியது

கம்பிகளை எல்லாம் கழற்றி ரிம்மைக் கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்தேன். ரிம்மே வளைந்திருந்தால் இத்தனை வேலையும் வீண். வளைந்த ரிம்மை நேராக்கக் கம்பிகளைச் சமமில்லாமல் இழுக்க வேண்டிவரும், பழைய கதை திரும்பும். சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்ததில் ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிரேக் கட்டை உரசும் பக்கத்தில், தேய்மானத்தைக் காட்டும் அடையாளக் குழி இன்னும் மறையாமல் தெளிவாகத் தெரிந்தது. ரிம் பிழைத்தது. ஹப் துளைகளைத் துணியால் துடைத்து வெடிப்பு தேடினேன், இல்லை.

இடப்பக்கக் கம்பி பதினாறையும் மாற்றினேன், புதிதாகப் போட்ட மூன்று உட்பட. "மூணு புதுசு தானே அண்ணா, அது ஏன்?" என்று தம்பி கேட்டார். பழையவை பதின்மூன்றின் கழுத்திலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் தொடங்கியிருக்கலாம், அவற்றை நம்ப முடியாது. புதுசு மூன்றும் தடிமன் மாறாத கம்பிகள். நான் போட நினைத்தது வேறு வகை. இரு முனையும் 2 மி.மீ., நடுவில் 1.8.

இங்கே பலர் மறுப்பார்கள். உடைகிற இடத்தில் மெல்லிய கம்பியா? ஆமாம். மெல்லிய நடுப்பகுதி அதே விசையில் கூடுதலாக நீளும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கழுத்தும் மரையும் 2 மி.மீ.யாகவே இருப்பதால் அங்கே வலு குறையாது. 55 கிலோவில் இந்தக் கம்பி கிட்டத்தட்ட 0.3 மி.மீ. நீண்டு நிற்கும். பழைய கம்பி 36 கிலோவில் நின்றது 0.16. தொய்வதற்கு முன் ரிம் அமுங்க வேண்டிய தூரம் ஏறத்தாழ இரட்டிப்பு. மெல்லிய கம்பி இங்கே நீண்ட நாள் உழைக்கக் காரணம் அதன் நெகிழ்வுதான்.

வலப்பக்கக் கம்பிகளைப் பிரிக்கும்போதே எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துவைத்தேன். கழுத்து அந்தந்தத் துளைக்கேற்ப அமர்ந்திருக்கும், இடம் மாற்றினால் மறுபடி அமர வேண்டும். பதினாறில் மூன்றின் கழுத்துக்கு அருகே வெட்டு இருந்தது. எப்போதோ செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கிறது. கேட்டதும் தம்பிக்கு நினைவு வந்தது, ஒரு ஏற்றத்தில். அந்த வெட்டுகளும் ஒருநாள் கீறலாகியிருக்கும். மூன்றையும் மாற்றினேன். கேசட் பக்கம் கம்பி உடைந்தால் முதலில் இந்த வெட்டைத்தான் தேட வேண்டும். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியரின் உள்எல்லைத் திருகைச் சரிசெய்து, செயின் இனி தாண்டாதபடி பார்த்துக்கொண்டேன்.

நிப்பிள் மரையில் ஆளி விதை எண்ணெய் ஒரு சொட்டு. திருப்பும்போது மசகு, சில நாளில் காய்ந்து பசை. தளர்ந்த பக்கத்துக்கு அது நல்ல காவல். வேறு முறைகளும் உண்டு, எனக்கு இது பழகிவிட்டது.

விறைப்பேற்றும்போது மெல்லிய கம்பியில் ஒரு தொல்லை: நிப்பிள் திரும்பும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். திருப்பியதாக நினைப்போம், முறுக்கு மட்டும் ஏறியிருக்கும். ஓட்டத் தொடங்கியதும் அந்த முறுக்கு "டிங் டிங்" என்று அவிழ்ந்து சக்கரம் கோட்டமாகிவிடும். ஒவ்வொரு கம்பியிலும் சின்ன ஒட்டுத்தாளைக் கொடி மாதிரி ஒட்டிவைத்தேன். கொடி திரும்பினால் கம்பி முறுக்குகிறது என்று பொருள். வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி, கொடி பழைய இடத்துக்கு வரும்வரை பின்னால் விட வேண்டும்.

வலப்பக்கத்தை 118 கிலோவுக்குக் கொண்டுபோனேன். இந்த ரிம்முக்குத் தயாரிப்பாளர் சொன்ன உச்சம் 125, அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிம் துளைகள் வெடிக்கும். இடப்பக்கம் 55-ல் வந்து நின்றது, ரிம் நடுவில். ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள். பக்கவாட்டு ஆட்டம் 0.3 மி.மீ. கோட்டத்தை இன்னும் நுணுக்கமாக எடுத்திருக்கலாம். ஆனால் அதற்காக விறைப்பின் சமநிலையைக் கலைக்க மனம் வரவில்லை. நடுவில் இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. ஃபிரேமில் சக்கரத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பிப் போட்டும் ரிம்முக்கும் ஒரே பக்கச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட்டால் போதும்.

கடைசியாக, விட்டுவிடவே கூடாத ஒரு வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டு இரண்டு கம்பிகளாகப் பிடித்து, முழுப் பலத்தோடு நசுக்க வேண்டும், சக்கரம் முழுக்க. கம்பியை வளைத்துச் செய்யும்போது கழுத்தில் சிக்கிக்கொண்ட உள்அழுத்தம் அந்த ஒரு நொடி அதிக இழுவையில் கொஞ்சம் இளகி அமர்ந்துவிடுகிறது. கீறல் தொடங்குவது அந்த உள்அழுத்தம் குவிந்த இடத்தில்தான். நசுக்கியபின் கோட்டம் லேசாக மாறினால் கம்பி அமர்ந்தது என்று அறியலாம். மறுபடி திருத்தி, மறுபடி நசுக்கினேன். மூன்று முறை செய்தபிறகு மாற்றமில்லை.

அதன்பிறகு

பின்டயரில் 80 பிஎஸ்ஐ, முன்னால் 75. முதல் நாள் ஓட்டத்தில் "டிங்" சத்தம் வரவில்லை. 300 கி.மீ.யில் அளந்தேன். இடப்பக்கத்தில் இரண்டு கம்பிகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தொட்டேன், வலப்பக்கத்தைத் தொடவில்லை. 1,500-லும் 3,000-லும் விரலால் மீட்டிப் பார்த்ததோடு சரி, சுருதி மாறவில்லை. இப்போது 4,200 கி.மீ. ஆகிறது. ஒரு கம்பியும் உடையவில்லை.

இது ஒரே ஒரு சக்கரம். விறைப்பு, கம்பி வகை, காற்றழுத்தம் என்று மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விறைப்புக்குத்தான் பெரும் பங்கு என்பது என் கணிப்பு. தொப்பென்ற கம்பிகளும் உடைந்த இடங்களும் அடுத்தடுத்து இருந்ததை வைத்துச் சொல்கிறேன். பழைய கம்பிகள் 30 லட்சம் சுற்றில் விழத் தொடங்கின. புதியவை இன்னும் 20 லட்சத்தைத்தான் எட்டியிருக்கின்றன.

தம்பி இப்போது வாரம் ஒருமுறை, செயின் துடைக்கும்போதே, வால்வில் தொடங்கி ஒவ்வொரு கம்பியாக மீட்டிக்கொண்டு வருகிறார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. போன வாரம் கூப்பிட்டார்: "அண்ணா, இடப்பக்கம் ஏழாவது கம்பி கொஞ்சம் கீழே பேசுது." கொண்டுவரச் சொன்னேன். மீட்டரில் 49 காட்டியது, மற்றவை 55. எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினோம். அடுத்து முழுசாக அளப்பது 6,400 கி.மீ.யில்.